கொடுமரம்: நெருப்பு வளைத்த வில்லும் நிமிர்த்திய கணையும்

சொல்லுக்குள் ஒரு தொழில்

தமிழில் வில்லுக்குப் பெயர்கள் பல. சிலை, சாபம், தனு, கார்முகம், கோதண்டம் என அடுக்கிச் செல்லும் அப்பெயர்களுக்கிடையே ‘கொடுமரம்’ என்பதும் ஒன்று. சங்கப் பாடல்களிலேயே பயின்று வரும் பழஞ்சொல் அது. கொடுமை என்றவுடன் இன்று தீமை என்னும் பொருளே முந்தி வந்து நிற்கிறது. ஆயினும் அச்சொல்லின் அடியில் கிடப்பது வளைவு என்னும் பொருளே. கொடுமரம் என்றால் வளைந்த மரம். வாளைக் கண்டவன் அதன் ஒளியையும் வேலைக் கண்டவன் அதன் கூர்மையையும் பெயராக்கியிருக்கலாம். வில்லைக் கண்ட தமிழனோ, அது வளைக்கப்பட்ட மரம் என்னும் உண்மையைப் பெயராக்கினான். ஒரு கருவியின் பெயருக்குள் அதைச் செய்த தொழிலின் நினைவு இவ்வாறு தங்கிவிட்டது.

தமிழ்மொழி நேர்மையையும் வளைவையும் வைத்தே அறத்தை அளந்திருக்கிறது. செம்மை என்பது நேர்மை. கொடுமை என்பது கோணல். வளையாத கோல் செங்கோல். வளைந்த கோல் கொடுங்கோல். இந்த அளவையால் பார்த்தால் வில் தீயது, அம்பு நல்லது என்றல்லவா முடியவேண்டும்? வள்ளுவர் அந்த எளிய முடிவை ஏற்கவில்லை. நேராக இருக்கும் கணை கொடியது என்றும், வளைந்திருக்கும் யாழின் கொம்பு நல்லது என்றும், ஆகவே உருவத்தை விடுத்துச் செயலைக் கொண்டே எவரையும் மதிக்க வேண்டும் என்றும் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் அவர் உரைத்தார் (குறள் 279). மரத்தின் வளைவையும் நிமிர்வையும் அருகிருந்து கண்ட ஒரு சமுதாயத்தில்தான் இவ்வுவமை பிறக்க முடியும்.

வளைவும் நிமிர்வும் மரத்தில் தாமே அமைவன அல்ல. ஒரே நெருப்புத்தான் வில்லை வளைத்தது, அதே நெருப்புத்தான் கணையை நிமிர்த்தியது. இந்தத் தொழில் எவ்வாறு நடந்தது, வில் மறைந்த பின் அது எங்குச் சென்றது, கடலூரும் சிதம்பரமும் அதில் பெறும் இடம் யாது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெடிலக்கரையில் ஒரு வில்

கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்கு அருகே, கெடிலக்கரையில் உள்ளது திருவதிகை. சிவபெருமானின் வீரச்செயல்கள் நிகழ்ந்தனவாகக் கூறப்படும் எட்டு வீரட்டானங்களுள் அதுவும் ஒன்று. முப்புரம் எரித்தது அத்தலத்தின் புராணம். மேருமலை வில்லாயிற்று. வாசுகி நாணாயிற்று. திருமால் அம்பாகவும் தீக்கடவுள் அம்பின் முனையாகவும் அமைந்தனர். பூமி தேராக, கதிரவனும் திங்களும் சக்கரங்களாயின. இத்தனையும் ஆயத்தமான பின்னும் அம்பு எய்யப்படவில்லை. இறைவன் நகைத்த அளவிலேயே முப்புரமும் எரிந்தன என்பது புராணத்தின் முடிவு.

உலகிலேயே மிகவும் வளையாத பொருளாகிய மலையை வளைத்தான் என்பதே இக்கதையின் வியப்பு. வளைத்தவனின் ஆற்றலைக் கூறுவதற்கு, அவன் எதை அழித்தான் என்பதைவிட எதை வளைத்தான் என்பதே முதற்சான்றாயிற்று. வில்லும் தீயும் ஒரே கதையில் சேர்ந்து நிற்பதும் நோக்கத்தக்கது. புராணத்தில் தீ அம்பின் நுனியில் இருக்கிறது. தொழிலிலோ அது வில் பிறக்கும் அடுப்பில் இருந்தது.

திருவதிகைக்கு வடக்கே ஓடிக் கடலூரருகில் கடலை அடையும் தென்பெண்ணைக்கும் வில்லின் நினைவு ஒன்று உண்டு. பெண்ணைக்கரையில் உள்ள திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, கொல்லிமலைத் தலைவனாகிய வல்வில் ஓரியைப் போரில் கொன்றான் எனச் சங்க இலக்கியம் கூறும். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியது என்று ஓரியின் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் போற்றியுள்ளார். அந்த வில் எந்த மரத்தால் ஆயது, அதை வளைத்தவன் யார் என்பவை அப்பாடலில் இடம்பெறவில்லை. புலவர் கண்டது எய்தவனின் கையை. செய்தவனின் கை திரைக்குப் பின்னேயே நின்றுவிட்டது.

எந்த மரம், எந்த நார்

வில்லைக் குறிக்கும் ‘சிலை’ என்னும் சொல், வில் செய்தற்குரிய ஒருவகை மரத்தின் பெயருமாகும். மரத்தின் பெயரே அதனால் ஆகிய கருவிக்கும் ஏறியது. மூங்கிலும் வில்லுக்கு ஏற்றதே. அதன் புறத்தோலில் நார் நெருங்கியும் உட்புறத்தில் தளர்ந்தும் அமைந்திருப்பதால், இழுப்பைத் தாங்கும் ஆற்றல் அதற்கு இயற்கையிலேயே மிகுதி.

கௌடலியரின் அர்த்தசாத்திரம் படைக்கலச் சாலையைப் பற்றிக் கூறுமிடத்து, பனை, மூங்கில், மரம், கொம்பு என நால்வகைப் பொருள்களால் வில் செய்யப்படுவதைக் குறிக்கிறது. நாணுக்குரிய பொருள்களையும் அடுக்கி, அவற்றுள் முதலாவதாக மூர்வையைச் சொல்கிறது. மூர்வை என்பது தமிழர் அறிந்த மரல் என அறிஞர் கொள்வர். வறண்ட நிலத்தில் வாள்போல் நிமிர்ந்து வளரும் அச்செடியின் நார் மிக வலியது. அதனால் ஆங்கிலேயர் அச்செடிக்கு வில்நாண் சணல் என்றே பெயரிட்டனர்.

அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவனாகிய நியார்க்கசின் குறிப்புகளைத் துணைக்கொண்டு அர்ரியன் எழுதிய ‘இந்திகா’ என்னும் கிரேக்க நூல், இந்தியக் காலாட்படை வீரனின் வில் அவனது உயரத்துக்கு ஒத்தது என்கிறது. அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, இடக்காலால் மிதித்துக்கொண்டு, நாணைப் பின்னோக்கி இழுத்து எய்தனர் என்றும் கூறுகிறது. ஆளுயர மரத்தை அத்துணை வலிமையோடு வளைத்தும் அது முறியாமல் இருக்க வேண்டுமாயின், அதற்கு முன்னரே அம்மரம் எத்துணைப் பக்குவம் பெற்றிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

நீரும் நெருப்பும் செய்யும் வேலை

மரம் ஏன் வளைகிறது? மரத்தின் உடல் நுண்ணிய நார்க்குழல்களின் தொகுதி. அந்நார்களை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக நிறுத்துவது லிக்னின் என்னும் பசைப்பொருள். ஈரத்தோடு கூடிய வெப்பம் ஏறும்போது இப்பசை இளகுகிறது, ஆறும்போது மீண்டும் இறுகுகிறது. இளகியிருக்கும் சிறு பொழுதில் மரத்தை வளைத்து, ஆறும் வரை அவ்வளைவிலேயே கட்டி வைத்தால் புதிய வடிவம் நிலைத்துவிடும். ஆவியில் மரம் வளைக்கும் கலையின் அடிப்படை இவ்வளவே.

அடிப்படை எளிது, செயல் அரிது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆவியில் வைத்தல் வேண்டும் என்பது மரத்தொழிலாளரின் பொதுக்கணக்கு. முற்ற உலர்ந்த மரம் ஆவிக்கு எளிதில் இணங்காது. ஓரளவு ஈரம் உள்ள மரமே நன்கு வளையும். ஆவியிலிருந்து எடுத்த மரம் ஒரு சில நிமிடங்களுக்குள் விறைத்துவிடும் ஆதலால், அச்சும் கயிறும் கைகளும் முன்னமே ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். கட்டை அவிழ்த்ததும் மரம் சிறிது பின்னோக்கி நிமிரும். அதனையும் கருதி வேண்டியதற்குச் சற்று மிகுதியாகவே வளைப்பார்கள்.

மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரு பலகையை வளைக்கும்போது வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் ஒடுங்குகிறது. ஆவியூட்டிய மரம் தன் நீளத்தில் கால் பங்குவரை ஒடுங்குவதையும் பொறுத்துக்கொள்ளும். நீள்வதையோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குக்கு மேல் பொறுக்காது, நார் கிழிந்துவிடும். மரம் நெருக்கத்தைத் தாங்கும், பிரிவைத் தாங்காது.

இந்த உண்மையைத் தொழிற்சாலை அளவில் பயன்படுத்தியவர் மைக்கேல் தோனெட். செருமனியில் பிறந்து வியன்னாவில் தொழில் நடத்திய தச்சர் அவர். வளைக்கும் மரத்தின் வெளிப்புறத்தில் இரும்புப் பட்டையை இறுகப் பிணைத்து, அப்புறம் நீளாதவாறு தடுத்தார். 1856இல் அவர் காப்புரிமை பெற்றார். 1859இல் வெளிவந்த அவரது 14ஆம் எண் நாற்காலி ஆறே மரத்துண்டுகளால் ஆயது. 1930ஆம் ஆண்டளவில் அது ஐந்து கோடி எண்ணிக்கையில் விற்றிருந்தது என்பர். உணவகங்களில் மக்கள் அமர்ந்து எழுந்த அந்நாற்காலியின் முதுகு வளைவும் கொடுமரமே.

மூங்கிலுக்கு ஆவி கட்டாயமன்று. நேரே தணலில் காட்டினாலே அதன் உள்ளீரம் ஆவியாகி நாரை இளக்கிவிடும். மேற்பரப்பில் நெய்போல் பிசின் கசிவது பதத்தின் அடையாளம். வளைத்து ஈரத்துணியால் ஒற்றினால் வடிவம் நிற்கும். சிலம்பக் கழிகளை நீரில் ஊறவைத்துத் தீயில் வாட்டிக் கோணல் எடுக்கும் வழக்கமும் இவ்வறிவின் பாற்பட்டதே. தமிழில் இதற்கு ‘வாட்டுதல்’ என்று பெயர். வாடுதல் இலைக்கும் முகத்துக்கும் துன்பம். மரத்துக்கு அது பக்குவம்.

வில்லுக்கு இதற்கும் மேற்பட்ட ஒரு படி உண்டு. வில்லின் இலக்கை நோக்கிய புறத்தை முதுகு என்றும், எய்பவனை நோக்கிய புறத்தை அகடு என்றும் கொள்ளலாம். நாணை இழுக்கும்போது முதுகு இழுபடுகிறது, அகடு நசுங்குகிறது. வளைக்கும் போது நெருக்கத்தைத் தாங்கும் மரமே, ஆறி இறுகிய பின் நெருக்கத்துக்கு எளிதில் தோற்கும். உலர்ந்த மரத்தின் இழுவலிமை அதன் நெருக்கவலிமையினும் மிகப் பெரிது. ஆகவே அகடு சலித்துப்போய், வில் நாளடைவில் வளைந்தபடியே தங்கி வலிமை இழப்பது இயல்பு. இதற்குப் பரிகாரமாக மரவில் செய்வோர் அகட்டை மட்டும் தணலுக்கு மேலே, எரியாத தொலைவில், நெடுநேரம் காட்டிப் பழுப்பேறச் செய்வர். ஈரம் நீங்கி, மரத்தின் உட்பொருள்கள் மாறுற்று, அப்புறம் உறுதியடையும். முதுகுக்கு அந்தச் சூடு ஆகாது. அது இழுபட வேண்டிய இடம். சூடேற்றிய உடனே நாணேற்றினாலும் வில் ஒடிந்துவிடும். காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது மீட்டுக்கொள்ளும் வரை, சில நாள் அதைத் தனியே விட்டுவைக்க வேண்டும். தீக்குப் பின் ஓய்வு என்பது இத்தொழிலின் விதி.

தச்சனும் அறிவனும்

இத்தொழிலைப் பண்டை இந்திய நூல்கள் அறியாதன அல்ல. மச்சிம நிகாயத்தின் தேவதக சுத்தத்தில், அம்பு செய்வோன் ஒருவன் இரண்டு கொள்ளிகளுக்கு இடையே கணைத்தண்டைக் காய்ச்சி நிமிர்த்துவது உவமையாக வருகிறது. கணை நிமிர்ந்தபின் அவன் அதனை மீண்டும் காய்ச்சுவதில்லை. காரியம் முடிந்தபின் வருத்துவது வீண் என்பதே அங்குச் சொல்லப்படும் அறம். தம்மபதமோ, நீரை வழிநடத்தும் உழவனையும் கணையைத் திருத்தும் தொழிலாளியையும் மரத்தை வளைக்கும் தச்சனையும் ஒரே வரிசையில் நிறுத்தி, அவர்களைப் போலவே அறிவுடையோர் தம்மைத் தாமே பண்படுத்துவர் என்கிறது. கணையைத் திருத்துவதற்கும் மரத்தை வளைப்பதற்கும் பாலிமொழி அவ்விடத்து ஒரே வினைச்சொல்லை வழங்கியிருப்பது கருதத்தக்கது. நிமிர்த்தலும் வளைத்தலும் இரண்டு செயல்கள் அல்ல, ஒரு பொருளை அதன் பயனுக்கு இணங்கச் செய்யும் ஒரே செயலின் இரு முகங்கள் என்பதை அம்மொழி உணர்ந்திருந்தது.

வில் யாழான கதை

போர்க்கருவியாகிய வில் இசைக்கருவி ஆனதற்கு அழகிய சான்று பெரும்பாணாற்றுப்படையில் உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய அந்நூலில் முல்லைநிலத்து இடையன் ஒருவன் வருகிறான். கோலைக் கடைந்து தீ எழுப்பி, அத்தீயால் துளையிட்ட குழலில் பாலைப்பண் இசைக்கிறான். அது சலித்ததும், உள்துளை பொருந்திய குமிழங்கொம்பில் மரல்நாரை நரம்பாகக் கட்டிய வில்யாழை எடுத்துக் குறிஞ்சிப்பண்ணை மீட்டுகிறான். குழலுக்குத் துளையிட்டது தீ. யாழுக்கு நரம்பானது வில்நாணுக்குரிய மரல். கொலைக்கருவியின் வடிவமும் நாரும் அந்த ஆயனின் விரலில் இசையாயின. ஓரியின் வில்லைச் செய்தவன் பெயரற்றுப் போனான் எனினும், இந்த இடையனின் கைகளையேனும் ஒரு புலவர் நின்று பார்த்தார் என்பது ஆறுதல்.

இவ்வில்யாழிலிருந்து பழந்தமிழ் யாழ்களின் வரலாற்றைத் தொடங்கி விரிவாக ஆராய்ந்தவர் சுவாமி விபுலானந்தர். ஈழத்து மட்டக்களப்பில் பிறந்த அவர், 1929இல் சிதம்பரத்தில் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931இல் பொறுப்பேற்றார். அவரது ‘யாழ்நூல்’ 1947ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். கருவி மறைந்து, அதைச் செய்தவரின் வழியும் அற்றுப்போனபின், பாடல்களிலும் உரைகளிலும் கிடந்த சொற்களைக் கொண்டே ஒரு கருவியின் வடிவத்தை மீட்க முடியும் என்பதற்கு அந்நூல் சான்று. சொல் பிழைத்திருந்தால் பொருளை மீட்கலாம். சொல்லும் மறைந்தால் யாது செய்ய இயலும் என்னும் வினாவும் அதனூடே எழுகிறது.

கல்லான வளைவு

விபுலானந்தர் பணிபுரிந்த ஊராகிய சிதம்பரத்தின் கோபுரங்களை அண்ணாந்து நோக்குவோர், ஏழு நிலைகளுக்கும் மேலே நீண்டு கிடக்கும் உச்சியைக் காண்பர். வண்டிக்கூண்டு போல் வளைந்த அவ்வுறுப்பினைச் சாலை என்று சிற்பநூலார் வழங்குவர். மூங்கிலையும் இளமரக் கொம்புகளையும் வளைத்து நட்டு, மேலே புல் வேய்ந்த பண்டைக் குடில்களின் வடிவமே சாலையாயிற்று என்பது கட்டடக்கலை அறிஞர் பலரின் கருத்து. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் குடைந்த திரௌபதி இரதம் ஓலைக்குடிலைக் கல்லில் காட்டுகிறது. பீம இரதம் நீள்கூண்டுக் கூரையைக் காட்டுகிறது. மகாராட்டிரத்துக் கார்லாக் குகையில், கல்லில் குடைந்த வளைகூரையின் அடியே இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய வளைவான மரக்கைகள் இன்றும் பொருத்தப்பட்டுள்ளன. மலையே கூரையாக இருக்குமிடத்தில் அம்மரங்களுக்கு வேலை ஏதும் இல்லை. எனினும் மரத்தை விட்டுவிடச் சிற்பிகளுக்கு மனம் வரவில்லை.

தில்லைச் சிற்றம்பலமோ இன்றும் மரத்தால் அமைந்த அவையே. அதன் பொற்கூரையை 64 கைமரங்கள் தாங்குவதாகவும், அவை 64 கலைகளைக் குறிப்பதாகவும், மேலே வேய்ந்த 21,600 பொன்னோடுகள் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுகளைக் குறிப்பதாகவும் மரபு கூறும். கல்லில் எத்தனையோ மண்டபங்களை எழுப்பிய அரசர்கள், ஆடலரசன் நிற்கும் இடத்தை மட்டும் மரக்குடிலின் சாயலிலேயே விட்டுவைத்தனர். பொன் வேய்ந்தும் அந்தக் குடிலின் வளைவு மாறவில்லை.

குண்டு வந்தது, வில் மறைந்தது

கடலூரின் வரலாற்றில் 1690ஆம் ஆண்டு ஒரு திருப்பம். அவ்வாண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் குழுமம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கிப் புனித தாவீது கோட்டை எனப் பெயரிட்டது. கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக்குண்டு சென்று விழும் எல்லைவரை உள்ள நிலம் விற்பனையில் அடங்கும் என்பது உடன்பாடு. அவ்வாறே நாற்றிசையும் சுட்டு எல்லை வகுத்தனர். அவ்வெல்லைக்குட்பட்ட ஊர்கள் குண்டுகிராமங்கள் எனப்பட்டன. அம்பு சென்று தங்கும் தொலைவைப் பாடிய புலவரின் உலகத்துக்கும், குண்டு சென்று விழும் தொலைவால் நிலத்தை அளந்த வணிகரின் உலகத்துக்கும் இடையே உள்ள மாற்றத்தை இவ்வொரு நிகழ்ச்சியே காட்டிவிடுகிறது. போர்க்களத்தில் வில்லுக்கு இனி இடமில்லை.

ஆனால் மரம் வளைக்கும் கலை வில்லோடு மறையவில்லை. அது வேறிடம் சென்று வாழ்ந்தது. ஆழ்ந்த துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரையில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட, ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை சலங்கு என்றும் மசூலா என்றும் பெயர்பெற்ற படகுகள். அவற்றில் இரும்பாணி இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். அலை மோதும்போது அப்படகு விறைத்து நின்று உடையாமல், நெளிந்து கொடுத்துத் தப்பியது. ஐரோப்பியரின் உறுதியான படகுகள் நொறுங்கிய இடத்தில், வளையத் தெரிந்த தையற்படகு கரை சேர்ந்தது.

கெடிலமும் பரவனாறும் கடலோடு கூடும் கடலூர் முதுநகர்ப் பகுதியில் மரப்படகு கட்டும் தொழில் நெடுங்காலம் நடைபெற்று வந்தது. படகின் முகப்பில் பலகை திரும்ப வேண்டிய இடத்தில் அதனை நனைத்து, தீயில் வாட்டி, பாரம் ஏற்றிச் சிறிது சிறிதாக இணங்கச் செய்வது கடற்கரைத் தச்சர்களின் முறை. வில்லுக்குச் செய்ததையே அவர்கள் படகுக்குச் செய்தனர்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டுமரங்களும் படகுகளும் சிதறின. அதன்பின் உதவியாக வந்தவற்றுள் பெரும்பாலானவை கண்ணாடியிழைப் படகுகள். முன்னரே தொடங்கியிருந்த மாற்றத்தை அந்தப் பேரிடர் விரைவுபடுத்தியது. கண்ணாடியிழைப் படகு விரைந்து செல்லும், எளிதில் உளுக்காது. உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குச் செல்வோர் அதனை விரும்பியதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. அச்சில் வார்க்கும் படகுக்கு மரத்தின் நாரோட்டம் தெரிய வேண்டியதில்லை. வைரம் எது, வெளிறு எது என்று பார்க்க வேண்டியதில்லை. எவ்வளவு வாட்டினால் இணங்கும், எதற்கு மேல் கிழியும் என்னும் கையறிவும் வேண்டியதில்லை. வேண்டாத அறிவு ஒரு தலைமுறைக்குள் மறையும். அவ்வறிவைச் சுமந்த சொற்கள் அதற்கும் முன்னரே மறையத் தொடங்கும்.

ஐந்தும் ஐம்பதும்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பது தமிழர் நாவில் புரளும் பழமொழி. இதற்கும் ஒரு தொழிற்சான்று உண்டு. பல்லக்கைத் தூக்குவதற்குரிய வளைதண்டுக்காக, மூங்கிலை இளமையிலேயே வளைத்துக் கட்டி வளர்த்தனர் எனப் பதினேழாம் நூற்றாண்டில் இந்தியா வந்த ஐரோப்பியப் பயணிகள் குறித்துள்ளனர். முளையில் வளைத்த மூங்கில் முதிர்ந்தபோதும் அவ்வளைவிலேயே நின்றது. பழமொழி இங்கே மெய்யாயிற்று.

எனினும் அப்பழமொழி முழு உண்மை அன்று என்பதை வில் செய்தவனும் படகு கட்டியவனும் அறிவர். முற்றிய மரமும் வளையும். அதற்கு வேண்டியவை நான்கு: ஈரம், வெப்பம், பொழுதறிந்து செய்யும் விரைவு, ஆறும் வரை காத்திருக்கும் பொறுமை. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மரம் முறியும். அவ்விடத்து முறிவுக்குக் காரணம் மரத்தின் முதுமையன்று, வளைத்தவனின் அறியாமையே. மரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பழமொழியைத் துணைக்கு அழைப்பது எளிது. நல்ல தச்சன் அவ்வாறு செய்வதில்லை.

வளைவெல்லாம் நன்மையும் அன்று. பகைவனின் சொல்லில் காணும் பணிவை நம்பற்க, வில்லின் வணக்கம் தீங்கு குறித்தது என்று எச்சரித்தவரும் வள்ளுவரே (குறள் 827). வணக்கம் என்னும் சொல்லே வளைதலைக் குறிப்பது. நாள்தோறும் ஒருவரையொருவர் கண்டு தமிழர் சொல்லும் அச்சொல்லுக்குள் ஒரு வில் வளைந்து கிடக்கிறது. அது யாழின் வளைவா, வில்லின் வளைவா என்பதைச் செயலே காட்டும்.

பதம்

மரம் தீயில் இணங்கும் நொடியைத் தொழிலாளர் பதம் என்பர். தமிழில் பதம் என்பது சொல்லுக்கும் பெயர். சமைக்கும் சோற்றுக்கும் காய்ச்சும் பாகுக்கும் வாட்டும் மரத்துக்கும் எழுதும் கவிதைக்கும் ஒரே பெயர் அமைந்தது வெறும் தற்செயலாகவே இருப்பினும், கவிஞர்க்கு அது ஒரு பாடம். சொல்லும் விறைப்பானதுதான். அனுபவத்தின் ஈரமும் உணர்ச்சியின் வெப்பமும் ஏறாமல் அதை வளைக்க முயன்றால் அது முறியும். இளகியபோது வளைத்து, ஆறும் வரை காத்திருந்தால் அது நிற்கும். எழுதியவுடன் நாணேற்றாமல் சில நாள் ஓய்வில் விடுவதும் நன்று.

வில்லை ஏராக உடைய உழவரின் பகையைக் கொண்டாலும், சொல்லை ஏராக உடைய உழவரின் பகையைக் கொள்ளற்க என்பது குறளின் அறிவுரை (குறள் 872). வில்லேர் உழவர் மறைந்துவிட்டனர். சொல்லேர் உழவர் எஞ்சியுள்ளனர். எஞ்சியோர்க்கு ஒரு கடமை உண்டு. வாட்டுதல், வைரம், வெளிறு, கணு, நாரோட்டம், அச்சு, வில்லின் நுனியில் நாண் கொளுவும் குதை என இத்தொழிலோடு பிறந்த சொற்கள் பல. அவற்றுட் சில அகராதியில் உள்ளன. வேறு பல முதுநகர்க் கரையிலும் மூங்கில் கடைகளிலும் முதியவர் சிலரின் நாவில் மட்டுமே உள்ளன. பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டம் அடுத்த பத்தாண்டில் மேற்கொள்ளத்தக்க பணிகளுள், அச்சொற்களைக் கேட்டெழுதித் தொகுத்தலும் ஒன்றாக அமையுமாயின், ஓரியின் வில்லை வளைத்த பெயர் தெரியாத கைக்குத் தமிழ் செலுத்தும் வணக்கம் அதுவே ஆகும்.